மூன்றாவது நாற்காலி

கிளீவ்லாண்ட்
பிப்ரவரி 2, 1966

அன்புள்ள வின் அக்காவுக்கு,

எம்ரிஸ் எழுதுகிறேன். இடுப்பு வலியைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்த வலியும் மேடையில் ஏறினால் மறந்துபோகிறது, இறங்கினால் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸ் அட்டையில் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாய். முப்பத்தொன்பது வருடமாக நாம் அனுப்பிக்கொள்ளும் அட்டைகளில் வானிலைக்கு அப்பால் ஒரு விஷயம் இடம்பெற்றது இதுதான் முதல் முறை. ஆகவே வலி கடுமையாகத்தான் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 19, செவ்வாய்க்கிழமை, எங்கள் நிகழ்ச்சி ஆல்டர்ஸ்ஃபோர்டில் நடக்கிறது. அதுவும் உன் கல்லூரி அரங்கத்தில். மாணவிகள் சங்கம் கேட்டதாம். என் மேலாளர் என்னைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார். இருபது வருடமாக எனக்குப் பியானோ வாசிக்கும் மோ, ஊர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "இந்த ஊர்ல உனக்கு யாரையாச்சும் தெரியுமா, எமரி?"

"ஒரு பியானோவைத் தெரியும்" என்றேன்.

நான் உன் தம்பி என்பது அங்கே யாருக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும். சுவரொட்டியில் எமரி ஸ்வேல் என்றுதான் இருக்கும். எம்ரிஸ் ப்ரோபர்ட் என்று இருக்காது. பயப்படாதே. நீ வரலாம், வராமலும் இருக்கலாம். முன்னதாக ஒரு வரி எழுதினால் போதும்.

முழங்காலுக்குச் சுடு மணல் ஒத்தடம் கொடுத்துப் பார்.

உன் தம்பி,
எம்ரிஸ்

ஆல்டர்ஸ்ஃபோர்ட், மாசசூசெட்ஸ்
பிப்ரவரி 20, 1966

அன்புள்ள எம்ரிஸ்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் நடக்க மறுக்கிறது; நான் நடக்க வைக்கிறேன். ஒத்தடத்தை நம்புவதற்கு நான் இன்னும் அவ்வளவு தளர்ந்துவிடவில்லை. உன் இடுப்புக்கு மேடையை விடுவதே மருந்து. அறுபத்தெட்டு வயதில் தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறவனுக்கு இதை எந்த மருத்துவரும் சொல்லவில்லை என்றால், அவர்களும் உன் ரசிகர்களாகத்தான் இருக்க வேண்டும்.

நீ வரப்போகிற செய்தி உன் கடிதத்திற்கு முன்பே எனக்கு எட்டிவிட்டது. முதல்வரின் மனைவி திருமதி கார்பெரி என்னை நூலகப் படியில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேராசிரியர், கேட்டீங்களா? எமரி ஸ்வேல் வர்றாராம்! நம்ம அரங்கத்துக்கு! நீங்க அவரைப் பார்த்திருக்கீங்கல்ல?"

"என் வீட்டில் தொலைக்காட்சி இல்லை" என்றேன்.

"அடடா, அந்தச் சுருதிக்காரனைப் பார்க்காம ஒருத்தர் இருக்க முடியுமா? என் மாமியார் சாகுற வாரம்கூட அதைப் பார்த்துச் சிரிச்சாங்க."

நான் சொன்னது பொய் இல்லை என்பதைக் கவனிப்பாய். என் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. உன் நிகழ்ச்சி எதையும் நான் பார்த்ததும் இல்லை. ஆனால் 'சுருதிக்காரன்' என்ற உன் புகழ்பெற்ற காட்சியின் தலைப்பு என் காதில் விழாமல் இருக்க நான் செவிடாக இருந்திருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். உனக்குப் பாட்டு இருக்கிறது, கால் தாளம் இருக்கிறது, மேடைக்கதைகள் இருக்கின்றன. ஆல்டர்ஸ்ஃபோர்டில் அந்தச் சுருதிக்காரனைச் செய்துதான் ஆக வேண்டுமா?

பனியில் காதை மூடிக்கொண்டு நட. சிறுவயதில் உனக்கு முதலில் வலிப்பது காதுதான்.

வினிஃப்ரெட்

டெட்ராய்ட்
மார்ச் 3, 1966

அன்புள்ள அக்கா,

காதை மூடிக்கொண்டுதான் நடக்கிறேன். நீ சொல்லி நான் கேட்ட ஒரே விஷயம் அதுதான். முழங்காலைப் பார்த்துக்கொள்.

சுருதிக்காரனைச் செய்யாமல் இருக்க முடியாது. சனங்கள் அவனைப் பார்க்கத்தான் வருகிறார்கள். மற்றதெல்லாம் அவன் வரும்வரை நேரம் போக்க. 1928இல் முதன்முதலாக அவனோடு மேடை ஏறினேன். அதற்கு முன் நான் நாய் வித்தைக்கும் கத்தி வீச்சுக்கும் நடுவே பத்து நிமிடம் பாடுகிற ஆள். அவனால்தான் தனி நிகழ்ச்சி, இசைத்தட்டு, நியூயார்க் எல்லாம்.

நீ பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். பழைய கோட்டு போட்ட ஒருவன், பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவன், கையில் கருவிப் பையோடு மேடையிலிருந்து இறங்கி வருவான். முதல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது நாற்காலிக்குத்தான் வருவான். மேடை வெளிச்சம் அங்கேவரைதான் வழியும். அதில் உட்கார்ந்திருக்கும் அம்மாளைப் பார்த்துத் தொப்பியை எடுத்து, "அம்மா, என்னைத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்பான். அந்த அம்மாள் "தெரியாது" என்பார். உண்மையிலேயே தெரியாது அல்லவா! அரங்கமே சிரிக்கும். "சரிதாம்மா. பியானோ எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு மேடைக்குப் போய் வேலையைத் தொடங்குவான். யாரும் அவனோடு பேசமாட்டார்கள். அவனும் பியானோவும்தான்.

அந்த நாற்காலியில் தெரிந்தவர்களை உட்கார வைப்பதில்லை. அது எங்கள் தொழில் ஒழுக்கம். சொல்லி வைத்த ஆளின் "தெரியாது" எங்கே இருந்தாலும் நாறும். முப்பத்தெட்டு வருடத்தில் ஒருத்தி மட்டும் "தெரியும்" என்றாள். பஃபலோவில். குடித்திருந்தாள். "என் ரெண்டாவது புருஷன்டா நீ!" என்று கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

உன் பெயரை நான் எங்கேயும் சொன்னதில்லை. என் மனைவி லாட்டி இருந்தபோது ஒரு தடவை கேட்டாள்: "உனக்கு ஒரு அக்கா இருந்தாங்களே, எங்க இருக்காங்க?" நீ நடத்தும் பாடத்தை நினைத்து "லத்தீன்ல" என்றேன். அவள் அதை ஏதோ ஊர் என்று நினைத்துக்கொண்டாள்.

நீ வருகிறாயா? வந்தால் எங்கே உட்காருவாய்?

அன்புடன்,
எம்ரிஸ்

ஆல்டர்ஸ்ஃபோர்ட்
மார்ச் 29, 1966

அன்புள்ள எம்ரிஸ்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சளிக்காய்ச்சல் ஐந்து நாள் இருந்தது. மீதி இருபது நாளுக்கு நானே பொறுப்பு. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

1927ஆம் ஆண்டின் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி நாம் இருவரும் ஒரு சொல்கூட எழுதியதில்லை. இப்போது எழுத உட்கார்ந்து இரண்டு முறை கிழித்துப்போட்டேன். இரண்டிலும் என் சிரமங்களே அதிகமாக இருந்தன. ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்றைய முதல்வர் மிஸ் ஹேவர்ஸ்டாக் என் விடுதி அறைக்குத் தேநீருக்கு வந்திருந்தார். என் வேலை இன்னும் உறுதியாகவில்லை. மணி நான்கு. நீ முன்னறிவிப்பில்லாமல் கதவைத் திறந்துகொண்டு வந்தாய். கட்டம் போட்ட கோட்டு, சிவப்புக் காலணி, மாலைக் காட்சிக்காகக் கண்ணில் தீட்டிய மை. "யார் இவர்?" என்று அவர் கேட்டார். "பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவர்" என்றேன்.

நீ என்னை ஒரு முறை பார்த்தாய். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, உனக்குத் தெரியாத அந்த வேலையை ஒரு மணி நேரம் செய்தாய். நாங்கள் உனக்கு முதுகைக் காட்டியபடி லத்தீன் கவி விர்ஜிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். உனக்குத் தேநீர் தரவில்லை. நீ புறப்பட்டபோது, அம்மாவின் கைப்பக்குவத்தில் நான் செய்திருந்த சீமைச்சோம்பு கேக்கில் ஒரு துண்டைச் செய்தித்தாளில் சுற்றி, வேலையாட்களுக்குக் கொடுப்பதைப்போல, பின்வாசலில் கொடுத்தேன். நீ தொப்பியைத் தொட்டு "நன்றிம்மா" என்றாய்.

"இப்போது சுருதி நன்றாக இருக்கிறது" என்றார் மிஸ் ஹேவர்ஸ்டாக். அவருக்குச் சங்கீதமும் தெரியாது.

ஏப்ரல் நிகழ்ச்சிக்கு எனக்கு ஓர் அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். வருவேன் என்று நினைக்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

வினிஃப்ரெட்

ஆல்பனி
ஏப்ரல் 8, 1966

அக்கா,

இடுப்பு தேவலாம். உனக்குச் சளி விட்டிருக்கும்.

வந்தால் பின்வரிசையில் உட்கார். சத்தம் நன்றாகக் கேட்கும், கதவும் பக்கத்தில் இருக்கும். எங்கே உட்காருவாய் என்று கேட்டிருந்தேன். அதற்கு நீ பதில் எழுதவில்லை.

எம்ரிஸ்

ஆல்டர்ஸ்ஃபோர்ட்
ஏப்ரல் 20, 1966

அன்புள்ள எம்ரிஸ்,

நேற்று மேடையிலிருந்து நீ கீழே இறங்கியபோது இடது காலைச் சாய்த்து வைத்தாய். இடுப்பு தேவலாம் என்று எழுதியது பொய். நான் நலம், அதைக் குறிப்பிடவே கூச்சமாக இருக்கிறது.

எனக்குக் கொடுத்த சீட்டு முதல் வரிசை, இடமிருந்து மூன்றாவது. மார்ச் 29ஆம் தேதி உனக்கு எழுதும்போது அது என் மேஜைமேல்தான் இருந்தது. உன் கடிதத்திலிருந்து அந்த நாற்காலி எதற்கு என்றும் எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லியிருக்கலாம். திருமதி கார்பெரியோடு இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். அவர் ஆனந்தக் கூத்தாடியிருப்பார். இரண்டையும் செய்யவில்லை. அங்கே உட்கார்ந்து, நீ கேட்கும்போது சரியான பதிலைச் சொல்லிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். மூன்று வாரம் கண்ணாடி முன் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன்.

நீ வந்தாய். குனிந்தாய். என்னை அடையாளம் கண்டதும் உன் கண்ணைச் சுற்றிய மை மட்டும் அசைந்தது. "அம்மா, என்னைத் தெரியுமா உங்களுக்கு?" என்று நீ கேட்டாய். என் வலப்பக்கம் முதல்வர், இடப்பக்கம் அவர் மனைவி, பின்னால் நான் நாற்பது ஆண்டு பாடம் நடத்திய கல்லூரி.

"தெரியாது" என்றேன்.

தொள்ளாயிரம் பேர் சிரித்தார்கள். நீயோ வழக்கம்போல, "சரிதாம்மா. பியானோ எந்தப் பக்கம்?" என்றாய். திருமதி கார்பெரி என்னை முழங்கையால் இடித்து, "பிரமாதம் போங்க! முகத்தை எப்படிங்க அவ்வளவு கல்லு மாதிரி வச்சுக்கிட்டீங்க?" என்றார்.

அதுதான் சொல்லவேண்டிய பதில் என்று நீயே எழுதியிருந்தாய் என்பதை நினைவூட்டி என்னைக் காத்துக்கொள்ளலாம். நேற்று வீடு திரும்பும்வரை அப்படித்தான் காத்துக்கொண்டேன். வீட்டு வாசலோடு அது முடிந்துவிட்டது.

பதில் எழுது.

வினிஃப்ரெட்

ஆல்டர்ஸ்ஃபோர்ட்
மே 11, 1966

அன்புள்ள எம்ரிஸ்,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ படுத்திருக்கிறாயோ என்று பயந்து உன் மேலாளருக்குத் தொலைபேசினேன். "அவருக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்காரு. நீங்க யாரு பேசுறது?" என்றார். வைத்துவிட்டேன். உன் அக்கா என்று சொல்லாமல் விட்டது ஒரு மாதத்துக்குள் இது இரண்டாவது முறை.

சுருதிக்காரன் வேலை முடிந்ததும் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து, பியானோ மூடியின்மேல் விரித்து, ஒரு துண்டுக் கேக்கைத் தின்கிறான். ஒரு துணுக்கையும் சிந்தாமல் விரலால் ஒற்றி எடுத்துத் தின்கிறான். பிறகுதான் பாடுகிறான். அந்த இடத்தில் என்னைச் சுற்றிலும் கைக்குட்டைகள் வெளியே வந்தன. நான் முன்வரிசையில் இருந்ததால் வாசனைகூட எனக்கு வந்தது. சீமைச்சோம்பு.

ஒவ்வொரு ஊரிலும் அந்தக் கேக்கை யார் செய்து தருகிறார்கள்? இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ அதை வைத்து என்னைப் பழிவாங்கியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். கேக்கைக் கட்டிக்கொடுத்த வீட்டு அம்மாளை நீ காட்சியில் கேலிகூடச் செய்யவில்லை.

இடுப்பை ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டு.

வினிஃப்ரெட்

பிட்ஸ்பர்க்
ஜூன் 6, 1966

அன்புள்ள அக்கா,

மருத்துவரிடம் காட்டினேன். "உங்க வயசு ஆளுங்க இந்நேரம் மீன் பிடிச்சுட்டு இருப்பாங்க" என்றார். எனக்கு மீன் பிடிக்காது என்றேன். உன் முழங்கால் முதல் வரிசை நாற்காலியில் மடங்கியதைப் பார்த்தேன், அதுவும் சரியில்லை.

கேக்கை நான்தான் செய்கிறேன். லாட்டி இருந்தவரை அவள். அவளுக்கு அது எதற்கென்று தெரியாது. மேடைக்கு வேண்டியது, அவ்வளவுதான்.

ஆல்டர்ஸ்ஃபோர்டில் காட்சி முடிந்ததும் மோ என் அறைக்கு ஓடிவந்தான். "யாருய்யா அந்தம்மா? இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமான 'தெரியாது' நான் கேட்டதே இல்ல. மேடைக்காரங்களா? உனக்குத் தெரியுமா அவங்களை?"

"தெரியாது" என்றேன்.

சொல்லிவிட்டு முகத்து மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் புரிந்தது. அதனால்தான் உனக்கு உடனே எழுத முடியவில்லை.

ஜூன் 25, சனிக்கிழமை, பிற்பகல் காட்சியோடு இந்தச் சுற்றுப்பயணம் முடிகிறது. ஸ்கிராண்டனில். நம் ஊர் என்பதால் எழுதுகிறேன், வேறு காரணமில்லை.

எம்ரிஸ்

ஆல்டர்ஸ்ஃபோர்ட்
ஜூன் 14, 1966

அன்புள்ள எம்ரிஸ்,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். முழங்கால் அதற்கு இடம் கொடுத்தது. நீ மீன் பிடிக்காமல் இருப்பதே மீன்களுக்கு நல்லது.

சென்ற வியாழக்கிழமை முதல்வர் வீட்டுத் தோட்ட விருந்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். பேச்சு மறுபடியும் உன்னைச் சுற்றி வந்தது. நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எமரி ஸ்வேல் என் தம்பி. கூடப் பிறந்தவன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "ஐயையோ, பேராசிரியருக்குக்கூட ஜோக்கு வருதே! அந்த நாற்காலில உட்கார்ந்ததுல இருந்து உங்களுக்கும் அது ஒட்டிக்கிச்சு!" என்றார் திருமதி கார்பெரி. நான் மறுபடியும் சொன்னேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

முப்பத்தொன்பது ஆண்டு ஒரு பொய்யை ஒழுங்காகப் பராமரித்தால் அது இப்படித்தான் உறுதியாக நிற்கும். தோட்ட விருந்தில் சொன்னால் அது விழாது என்று தெரிந்துகொண்டேன்.

இந்தக் கடிதத்திற்குப் பதில் எழுதாதே. 24ஆம் தேதி முதல் ஊரில் இருக்க மாட்டேன்.

வினிஃப்ரெட்

ஸ்கிராண்டன், பென்சில்வேனியா
ஜூன் 27, 1966

அன்புள்ள அக்கா,

நீ வீடு போய்ச் சேர்ந்தாயா, கால் எப்படி இருக்கிறது, எதுவும் தெரியாமல் எழுதுகிறேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மண்டைதான் சரியில்லை.

சனிக்கிழமை மூன்றாவது நாற்காலிக்கு வந்தபோது, வெளிச்சத்தில் முதலில், ஆல்டர்ஸ்ஃபோர்டில் பார்த்த உன் கைத்தடிதான் தெரிந்தது. எத்தனையோ பேர் கைத்தடி வைத்திருக்கிறார்கள் என்று குனிந்துவிட்டேன். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது: "அம்மா, என்னைத் தெரியுமா உங்களுக்கு?"

நீ எழுந்து நின்றாய். கடைசி வரிசைக்கும் கேட்கும் வகுப்பறைக் குரலில் சொன்னாய்: "தெரியும். எம்ரிஸ் ப்ரோபர்ட். என் தம்பி. இவனுக்குப் பியானோவில் சுருதி சேர்க்கத் தெரியாது. நான்தான் அன்றைக்கு அப்படிப் பொய் சொன்னேன்."

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மோ வாசிப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். மாடியில் எவனோ, "இது நாடகத்துலயே இருக்கா?" என்று கேட்டான். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக எனக்கு அடுத்த வசனம் இல்லை. பஃபலோக்காரிக்குக்கூடப் பதில் சொன்னவன் நான்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் அங்கேயே பையைத் திறந்தேன். கேக்கை இரண்டாக உடைத்தேன். பாதியைச் செய்தித்தாளோடு உன்னிடம் நீட்டினேன். நீ ஒரு கடி கடித்துவிட்டு, "சோம்பு அதிகம்" என்றாய். அப்போதுதான் அரங்கம் சிரித்தது. அதன் பிறகு நான் என்ன பாடினேன் என்று மோவைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு நல்ல சிரிப்பை நீ கொன்றுவிட்டாய். இனி எந்த ஊரிலும் அந்தக் கேள்வியை என்னால் கேட்க முடியாது. கேட்டுப் பார்த்தேன், அறையில் தனியாக, வரவில்லை. இலையுதிர் காலத்துக்குள் வேறு தொடக்கம் யோசிக்க வேண்டும்.

காட்சி முடிந்து அரைமணி நேரம் கழித்து உன் நாற்காலிக்குப் போனேன். செய்தித்தாளை நாலாக மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாய். என்னைப் பார்க்காமல் ஏன் போனாய்?

எம்ரிஸ்

ஆல்டர்ஸ்ஃபோர்ட்
ஜூலை 2, 1966

அன்புள்ள எம்ரிஸ்,

வீடு வந்து சேர்ந்தேன். கால் வீங்கியிருக்கிறது, வீங்க வேண்டியதுதான். உன் மண்டை சரியாகிவிடும், அது எப்போதும் அப்படித்தான்.

உன்னைப் பார்க்காமல் நான் போகவில்லை. அரங்கத்தின் பின்வாசலுக்கு வந்தேன். அங்கே ஒரு பெரியவர் முக்காலியில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா வேணும்?"

"எமரி ஸ்வேல். நான் அவருடைய அக்கா."

அவர் பட்டியலைப் பார்த்தார். "ஊர் ஊரா எமரிக்கு அக்கா தங்கச்சி நிறையப் பேரும்மா. உங்க பேரு இதுல இல்லியே. அப்படி ஓரமா நில்லுங்க."

அவர்மேல் குறை சொல்லாதே. தன் வேலையைச் செய்தார். ஒரு மணி நேரம் நின்றேன். உள்ளே நீ சிரிப்பது கேட்டது. ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்பதை எழுபத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன். நீ அதை ஒரு பியானோவுக்கு முன்னால், என் முதுகைப் பார்த்தபடி கழித்திருக்கிறாய். பிறகு என் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

கேக்கில் சோம்பு அதிகம் என்று சொன்னது உண்மைதான். அம்மா அரைக் கரண்டிதான் போடுவாள்.

இலையுதிர் காலத்தில் நீ எந்த ஊரில் தொடங்குகிறாய் என்று எழுது. அங்கே பின்வாசலில் இருப்பவரிடம் என் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொல். வினிஃப்ரெட் ப்ரோபர்ட். எதிரே "அக்கா" என்று எழுது. அவர் நம்பாவிட்டாலும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
வினிஃப்ரெட்